எதற்கும் ஆகாத ஒரு நாள்

பாரிகி, சுலவேசி
14 ஜூலை 2009

அண்ணனுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். போனில் பேச வேண்டாம். நீங்கள் போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சு விடக்கூட எனக்கு இடம் கிடைக்காது. இனி என்ன சொல்வதானாலும் எழுதுங்கள். எழுத்தில் நான் வேண்டாததைத் தாண்டிப் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊருக்கு வர, பந்தோலோவான் துறைமுகத்தில் கப்பல் ஏறி, சுரபாயாவில் இறங்கி, பஸ், அப்புறம் படகு, மறுபடி பஸ். நான்கு நாள். எதற்காக? நம் ஊர் ஊற்றடியில் இருக்கும் அமிர்தசாரித் தோட்டத்துக் குளத்தைப் பார்க்க. நீங்கள்தான் நாள் குறித்தீர்கள். "ஜூலை இரண்டு, வியாழன், அருமையான நாள், வந்துவிடு" என்று மூன்று தடவை சொன்னீர்கள்.

வாசலுக்குள் நுழைந்தால் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முப்பது ஆண்கள் முழங்கால் வரை சேற்றோடு பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மீன்களெல்லாம் வாசல் பக்கம் பிளாஸ்டிக் தொட்டிகளில் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒன்று துள்ளி என் காலடியில் விழுந்தது. குளத்தின் நட்ட நடுவில், கையில் துடைப்பத்தோடு, யார்? என் அண்ணன்.

"முர்த்தினி! வா வா! பாத்தியா, எவ்ளோ ஆழம்னு! இறங்கு, ஒரு துடைப்பம் எடு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ரெகெக் இருக்கிறாரே, உங்கள் ஊர்க் குழுத் தலைவர், அவர் வேறு: "விர்த்தா சார் தங்கச்சியா? கடல் தாண்டி வந்து பாசி தேய்க்கிற பொண்ண இப்பதான் பாக்கறேன்!" அத்தனை பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே நான் கிளம்பியதற்கு அண்ணி வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அவள் கட்டிக்கொடுத்த வாழையிலை மீன் சுரபாயா வரை தாங்கியது.

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பையில் என்ன இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

முர்த்தினி


அபியான் தெலாகா, பாலி
29 ஜூலை 2009

அன்புள்ள முர்த்தினிக்கு,

உன் கடிதம் வந்தது. என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கோபம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். பொறுமையாகச் சொல்கிறேன், கேள்.

உனக்கு நாள் குறிக்கச் சுவரில் தொங்கும் காலண்டரைத்தான் பார்த்தேன். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் தொங்குவது அதே காலண்டர். ஒவ்வொரு நாளுக்கும் கீழே பொடி எழுத்தில் என்ன செய்ய நல்லது, என்ன செய்யக் கூடாது என்று போட்டிருக்கும். ஜூலை இரண்டுக்குக் கீழே "நீர் தொடர்பான காரியங்களுக்கு மிக நன்று" என்று இருந்தது. தங்கை குளம் பார்க்க வருகிறாள், இதைவிட வேறென்ன வேண்டும்?

ஊற்றுக் கோயிலில் பௌர்ணமித் திருவிழா வருவதால் குளத்தை இறைத்துச் சுத்தம் செய்யக் குழுவும் ஒரு நாள் பார்த்தது. அவர்களும் காலண்டரைப் பார்த்தார்கள். நீர் தொடர்பான காரியங்களுக்கு மிக நன்று!

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் கணக்குப் பரீட்சை வைத்தபோது ஒரு தடவை பதினோரு பிள்ளைகள் ஒரே விடையை, ஒரே தப்போடு எழுதினார்கள். பார்த்து எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். விசாரித்தால், பதினோரு பேரும் தனித்தனியாக ஒரே கைடு புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நடந்தது அதுதான்.

குழு கூடிய அன்று நீ வருவதைச் சொல்ல மலைப்பக்கம் உறவுக்காரர்கள் வீடு போயிருந்தேன். சுத்தம் செய்யும் நாள் எனக்குத் தெரிந்தபோது நீ கடலில் இருந்தாய். ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும். நான் துடைப்பம் எடுக்காமல் உன்னை வரவேற்க நின்றிருந்தால் ரெகெக் என்னை விட்டிருப்பாரா?

நீ கேட்டது குளத்தைப் பார்க்கத்தானே? பார்த்தாய். யாரும் பார்க்காத அடித்தரை வரை பார்த்தாய். (கோபிக்காதே, சும்மா சொன்னேன்.)

அக்டோபர் பதினான்கு கலுங்கான் பண்டிகை. அப்போது வா. குளம் நிரம்பியிருக்கும், என் பொறுப்பு.

அண்ணன்
விர்த்தா


பாரிகி
16 ஆகஸ்ட் 2009

அண்ணனுக்கு,

கைடு புத்தகத்தை நானா கேட்டேன்?

என் பையில் என்ன இருந்தது என்று இப்போது சொல்கிறேன். என் வீட்டுக்காரரின் அரைக்கால் சட்டை ஒன்று, இறுக்கமான பனியன் ஒன்று, பெரிய துண்டு ஒன்று. நான் நீந்தக் கற்றுக்கொண்டேன், அண்ணா. ஐம்பத்தேழு வயதில்.

இங்கே எங்கள் கோகோ தோட்டத்துக்கு மேலே வாய்க்கால் மதகடியில் ஒரு தொட்டி இருக்கிறது. மார்பளவு தண்ணீர். எட்டு மாதம், தினம் காலையில், இரண்டு காலி எண்ணெய் கேன்களைக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். பக்கத்துத் தோட்டத்து வார்சியைத் துணைக்குக் கூப்பிட்டேன். துணைக்கு வந்தாளா, கேலி பண்ண வந்தாளா?

"ஏண்டி, எருமை குளிக்கிற நேரமா பாத்து இறங்கறியே, உன்னை யாரு அடையாளம் கண்டுபிடிக்கறது?"

"நீ கரையில குந்திக்கிட்டு வாய நீட்டு. நான் கையைக் காலை நீட்டறேன்."

ஐந்தாம் மாதம் ஒரு கேனை அவிழ்த்தேன். ஏழாம் மாதம் இன்னொன்றை. முதல் தடவை தொட்டியைக் குறுக்கே கடந்தபோது வார்சி கேலி செய்யவில்லை. கரையில் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமிர்தசாரியின் மேல் குளத்தில் கல் பன்றியின் வாய் இருக்கிறதே, ஊற்றுத் தண்ணீர் விழும் இடம், அங்கே இறங்கி எதிர்ப்படி வரை போய்ச் சேர வேண்டும். நீங்கள் கரையில் நின்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் நாலு நாள் பயணம்.

ஏன் அங்கே என்று உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல இதுவரை இருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். 1963, எரிமலை வெடிப்பதற்கு ஒரு மாதம் முன்பு. எனக்குப் பதினொன்று, உங்களுக்குப் பதினைந்து. கல் பன்றிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் பின்னாலிருந்து என்னைத் தள்ளினீர்கள். நான் அடிவரைக்கும் போனேன். தோட்டக்காரர் கெருக் மாமா மீன் வலைக் கம்பை நீட்டி என்னை இழுத்துப் போட்டார். அந்த வருஷமே சாம்பல் விழுந்து வயலெல்லாம் போக, சித்தியோடு என்னைச் சுலவேசிக்குக் கப்பல் ஏற்றினார்கள். அந்தத் தொட்டியில் இறங்கும்வரை ஆற்றில் கால்கூட நனைத்ததில்லை. என் பிள்ளைகள் ஆற்றுக்குப் போனால் நான் வீட்டில் அடுப்பை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஏன் தள்ளினீர்கள்?

காலண்டர் வேண்டாம், உதாரணம் வேண்டாம். அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

முர்த்தினி


அபியான் தெலாகா
5 செப்டம்பர் 2009

அன்புள்ள முர்த்தினிக்கு,

நீ நீந்தக் கற்றுக்கொண்டதைப் படித்து அண்ணி கை தட்டினாள். "உங்க தங்கச்சிக்கு இருக்கற தைரியத்துல கால்வாசி உங்களுக்கு இருந்தா போதும்" என்றாள். எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

கேன் கட்டிக்கொண்டு கற்றது சரியான முறை. எழுதப் பழகும் பிள்ளைக்கு முதலில் கோடு போட்ட நோட்டுக் கொடுப்போம், பிறகு கோடில்லாத நோட்டு. ஒவ்வொன்றாக அவிழ்த்தாய் பார், அதில்தான் உன் கெட்டிக்காரத்தனம்.

குளம் இப்போது நிறைந்து தெளிவாக இருக்கிறது. சுத்தம் செய்தபிறகு மீன்களை எண்ணி விட்டோம், நூற்றுப் பதினேழு. கீழ்க் குளத்தில் மிதிகற்களில் இரண்டை மாற்றியிருக்கிறார்கள். மேல் குளத்துத் தண்ணீர் உன் தொட்டியைவிடக் குளிராக இருக்கும், ஊற்று வாயிலிருந்து நேராக விழுகிறதல்லவா. சட்டென்று இறங்காதே, கை கால் நனைத்துப் பழகிக்கொண்டு இறங்கு.

நீ கேட்ட விஷயம். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு ஞாபகத்தை நம்புவது கடினம். சூரிய கிரகணத்தை வகுப்பே சேர்ந்து பார்த்தோம் ஒருமுறை. மறுநாள் எழுதச் சொன்னால் முப்பத்திரண்டு பிள்ளைகள் முப்பத்திரண்டு கிரகணம் எழுதினார்கள். அன்று அங்கே நிறையப் பேர் இருந்தோம், நெரிசல். கை பட்டிருக்கலாம்.

பண்டிகை முடிந்து இரண்டாம் நாள், பதினாறாம் தேதி, நல்ல நாள். குழுவிடமும் கேட்டுவிட்டேன். அன்று யாரும் குளத்தைத் தொட மாட்டார்கள்.

அண்ணன்
விர்த்தா


பாரிகி
20 செப்டம்பர் 2009

அண்ணனுக்கு,

நெரிசலா? கல் பன்றிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நிற்க முடியும்? இரண்டு பேர். ஒருத்தி நான்.

என் முதுகில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்தன. இப்போதும் எந்த இடம் என்று காட்டுவேன்.

கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டேன். பதினாறாம் தேதி காலை அங்கே இருப்பேன். மீன் எத்தனை என்று எழுதத் தெரிந்தவருக்கு இது எழுதத் தெரியவில்லை. நேரில் சொல்லுங்கள்.

முர்த்தினி


அபியான் தெலாகா
1 அக்டோபர் 2009
(அவசரத் தபால்)

முர்த்தினிக்கு,

கீழ்க்கட்டு ராய் பெரியம்மா நேற்று விடியற்காலையில் இறந்துவிட்டாள். தொண்ணூறு வயது, தூக்கத்திலேயே. நம் பங்காளி வீடு என்பதால் எங்கள் எல்லோருக்கும் தீட்டு. தீட்டுக் கழியும்வரை எங்களால் கோயிலுக்கோ ஊற்றுக்கோ போக முடியாது. அமிர்தசாரியின் வாசல் தாண்டக் கூடாது, உனக்குத் தெரிந்ததுதானே.

உனக்குத் தீட்டு இல்லை. கல்யாணத்தின்போது நம் வீட்டுச் சாமியிடம் விடைபெற்றுக்கொண்டு போனவள் நீ. அதனால் ஒரு வழி யோசித்தேன். நீ திட்டமிட்டபடி வா. உள்ளே போய் நீந்து. நான் வாசலுக்கு வெளியே தேங்காய்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நீந்தி முடித்து வந்து எவ்வளவு தூரம் போனாய் என்று சொல். நீ சொன்னால் நம்புவேன். வீட்டுப்பாடம் செய்தேன் என்று பிள்ளை சொன்னால் சில சமயம் நோட்டைப் பார்க்காமலே நம்புவதில்லையா?

அண்ணன்
விர்த்தா


பாரிகி
19 அக்டோபர் 2009

அண்ணனுக்கு,

உங்கள் தபால் நான் கப்பலுக்குக் கிளம்ப இருந்த அன்று காலையில் வந்தது. பெரியம்மாவுக்காக அழுதேன். சின்ன வயதில் என்னைக் கப்பல் ஏற்றிய அன்று என் இடுப்புத் துணியில் வேர்க்கடலை முடிந்துவிட்டவள் அவள்தான்.

அழுது முடித்துவிட்டு உங்கள் "வழி"யைப் படித்தேன். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டேன்.

தேங்காய்க் கடையில் உட்கார்ந்திருப்பீர்களா! நான் நீந்துவதைப் பார்க்க அங்கே வேறு யாரும் வேண்டாம், அண்ணா. சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் பார்ப்பார்கள், மீன்கள் பார்க்கும். அவர்களா என்னைத் தள்ளினார்கள்?

வார்சியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உங்கண்ணன் மோசமானவர் இல்லடி. எதையோ பாத்துப் பயந்து ஓடறாரு. ஓடறவங்கதான் இவ்ளோ பேசுவாங்க" என்றாள். அவள் சொல்வதில் எப்போதும் பாதிதான் உண்மை இருக்கும். எந்தப் பாதி என்று தெரியவில்லை.

நாற்பது எண்ணும்வரை தண்ணீருக்குள் மூச்சடக்க என்னால் முடியும். நாற்பத்தாறு வருஷம் முடியாது.

நான்கு கடிதம் எழுதிவிட்டேன். இதுதான் கடைசி. இதற்கும் உதாரணத்தோடு பதில் வந்தால் அப்படியே திருப்பி அனுப்புவேன். இந்த ஜென்மத்தில் உங்கள் ஊர்ப்பக்கம் வர மாட்டேன். சாவுக்கும் வர மாட்டேன், உங்களுடையதானாலும் சரி.

முர்த்தினி


அபியான் தெலாகா
10 நவம்பர் 2009

முர்த்தினி,

நான்தான் தள்ளினேன். இரண்டு கைகளாலும்.

அரண்மனைத் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் தண்ணீரில் நீந்திக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்கள். "டேய் விர்த்தா, குதிடா! துணி நனஞ்சிடுமா?" நீ என் முன்னால் வந்து நின்றாய். "எங்கண்ணன் அந்தப் படி வரைக்கும் ஒரே மூச்சுல போவான். உங்க எல்லாரையும் விட வேகம்" என்று சத்தமாகச் சொன்னாய். அவர்கள் "காட்டச் சொல்லு, காட்டச் சொல்லு" என்று கை தட்டினார்கள்.

எனக்கு நீந்தத் தெரியாது. உனக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. மற்ற நாட்களில் நான் தனியாக நீந்துவதாகச் சொல்லி, வாய்க்காலில் தலையை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

அவர்கள் பார்வை என்னை விட்டுப் போக வேண்டும் என்று உன்னைத் தள்ளினேன். உனக்கும் நீந்தத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

நீ மூழ்கினாய். நீ விளையாடுகிறாய் என்று நினைத்துப் பையன்கள் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் கரையில் நின்றேன். ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. கெருக் மாமா கீழ்க் குளத்திலிருந்து ஓடி வந்தார். அவர் வந்து சேரும்வரை நான் உன் தலைமயிரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மேலே வந்து வந்து போயிற்று.

முப்பத்தேழு வருஷம் அந்தத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளியில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். அவர்களுடைய துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். "சார், நீங்களும் வாங்க சார்" என்பார்கள். சளி என்பேன். முப்பத்தேழு வருஷமாக எனக்குச் சளி.

ஜூலையில் இரண்டு காரியமும் ஒரே நாளில் விழுந்தது தற்செயல்தான், அது உண்மை. ஆனால் குளத்தை இறைக்கப் போகிறார்கள் என்று ரெகெக் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ வந்து "அண்ணா, இறங்கி நீந்திக் காட்டு" என்று சொல்லிவிடுவாயோ என்று அதற்கு முன்பு பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. அன்று துடைப்பத்தோடு நின்றேனே, அந்த மேல் குளத்தின் தரையில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உன்னை எவ்வளவு ஆழத்தில் தள்ளியிருக்கிறேன் என்று அன்றுதான் பார்த்தேன். கரை என் தலைக்கு மேல் இன்னும் ஒரு கை உயரத்தில் இருந்தது. "எவ்ளோ ஆழம்னு" என்று நான் கத்தியது அதனால்தான். கேலிக்குச் சொல்லவில்லை.

தீட்டும் உண்மை. தேங்காய்க் கடை என்பது என் கோழைத்தனம்.

அண்ணிக்கு எல்லாம் தெரியும்போல. நேற்று இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவளுக்கு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

மன்னித்துவிடு.

விர்த்தா


பாரிகி
28 நவம்பர் 2009

அண்ணா,

உன் கடிதத்தை வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை வார்சிக்குப் படித்துக் காட்டினேன். தலைமயிர் வந்து வந்து போயிற்று என்ற இடத்தில் அவள் எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்து, "முப்பத்தேழு வருஷம் சளியாமே! அந்த மனுஷனுக்குக் கஷாயம் போட்டுக் குடுக்க ஒருத்தியும் இல்லையா?" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் மேல் இருந்த கோபம் திரும்பி வந்துவிட்டது. இன்னும் போகவில்லை. எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பொய் எழுத எனக்கு வராது.

உன்னைப் பற்றிப் பெருமை பேசினேன் என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன். முதுகில் பட்ட கைதான் ஞாபகம் இருந்தது. அந்தப் பதினோரு வயதுப் பெண்ணை நினைத்து எனக்கு எரிச்சலாக இருக்கிறது. யாரைக் கேட்டு அவள் சவால் விட்டாள்?

சரி. இப்போது நான் சொல்வதைக் கேள். இந்தத் தடவை நாள் குறிப்பது நான்.

இங்கேயும் அதே காலண்டர்தான் தொங்குகிறது, ஊரிலிருந்து வருஷா வருஷம் யாராவது கொண்டுவந்து விடுகிறார்கள். அடுத்த வருஷத்துடையது வந்துவிட்டது. ஜனவரி மாதத்தைப் பொடி எழுத்து வரை படித்தேன். பதினொன்றாம் தேதி, திங்கள். வீடு கட்டக் கூடாது, கல்யாணம் கூடாது, விதை போடக் கூடாது, பயணம் கூடாது, கிணறு குளம் எதையும் தொடக் கூடாது. மீன் பொறி வைக்க மட்டும் நல்லதாம். அந்த நாள்தான் வேண்டும். உன் குழுக்காரர்கள் அன்று துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். உறவுக்காரர்கள் யாரும் வர மாட்டார்கள். மழைக்காலம், வெள்ளைக்காரர்களும் குறைவு. உன் தீட்டும் அதற்குள் கழிந்துவிடும்.

முதலில் நான் நீந்துவேன். கல் பன்றியிலிருந்து எதிர்ப்படி வரை. நீ கரையில் நின்று ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்க்க வேண்டும். வேறெங்கும் பார்க்கக் கூடாது. வாயைத் திறந்து எதுவும் விளக்கக் கூடாது.

அப்புறம் நீ.

இரண்டு எண்ணெய் கேன்களையும் கயிற்றோடு கொண்டுவருகிறேன். கப்பலில் பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி. அண்ணியிடம் சொல்லிப் பழைய அரைக்கால் சட்டை ஒன்று எடுத்து வைக்கச் சொல். அவள் சிரிப்பாள், சிரிக்கட்டும். ரெகெக் வந்து வேடிக்கை பார்த்தால் அவரையும் இறக்கிவிடுவேன் என்று சொல்.

யாரும் உன்னைத் தள்ள மாட்டார்கள். மேல்படியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திரு. ஊற்றுத் தண்ணீர் குளிரும், ஆனாலும் நான் கரையேற மாட்டேன். நீ இறங்கும்வரை கீழ்ப்படியில் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

முர்த்தினி